வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரியின் பேட்டைகளும் குப்பங்களும்

வியாழன், இரவு

புதுச்சேரிக்கு வந்து போகிறவர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்தால், ஊர் முழுக்க மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூணும் காகிதப்பூக்கொடி தொங்கும் கேட்டும்தான் என்று தோன்றும். அந்தப் படங்கள் எல்லாம் கடற்கரைச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவிலுள்ள ஒரு சில வீதிகளில் எடுத்தவை. அவை அழகான வீதிகள்தான். ஆனால் இந்த ஊரை நெய்தவர்கள், தைத்தவர்கள், மீன் பிடித்தவர்கள், மில்லில் நின்றவர்கள், கணக்கு எழுதியவர்கள் யாரும் அங்கே குடியிருந்ததில்லை. அவர்களுடைய தெருக்களில் நடக்க வேண்டும் என்றுதான் இந்த முறை கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினேன்.

தங்கல் முத்தியால்பேட்டையில், அத்தை வீட்டில். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "மூணு நாளும் நடந்தேவா பாக்கப் போற? வெயில் தாங்குமா அம்மாடி?" என்று கேட்டவர், பிறகு அவரே ஒரு காகிதத்தை எடுத்து ஊரின் படத்தை வரைந்து காட்டினார். முதலில் முட்டை வடிவில் ஒரு வளையம். கிழக்கே கடற்கரைச் சாலை, வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. நான்கும் சேர்ந்ததுதான் பழைய 'புல்வார்', அதாவது ஊரைச் சுற்றி ஓடும் அகலச் சாலை. அதற்குள் வடக்கு தெற்காக ஒரு கோடு: பெரிய வாய்க்கால். கோட்டுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வளையத்துக்கு வெளியே முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம், முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, உப்பளம், வம்பாகீரப்பாளையம் என்று ஊர்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையை மட்டும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். காந்தி சிலை, 1938-ல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம், புதிதாய் நிற்கும் 'மேரி', அதாவது நகராட்சிக் கட்டடம். 2014 நவம்பர் மழையில் அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததும், பழைய வடிவிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்ததும் ஊருக்குத் தெரிந்த கதை. மரீன் வீதிப் பக்கம் அரவிந்தர் ஆசிரமத்தின் சாம்பல் நிறக் கட்டடங்கள். 1910 ஏப்ரலில் அரவிந்தர் இங்கே வந்து இறங்கினார். ஆசிரமம் 1926-ல் அமைந்தது. அதன் பிறகு வங்காளிகளும் குஜராத்திகளும் ஒடியாக்காரர்களும் குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, இன்று அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஒரு காய்கறி வண்டியில் பாட்டி ஒருவர் வங்காள வாடையுள்ள தமிழில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வண்டிக்காரரும் "போன வாரமும் இதேதான் சொன்னீங்கம்மா" என்று சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளி

காலையில் முதலில் முத்தியால்பேட்டையையே சுற்றினேன். மணிக்கூண்டைச் சுற்றிக் கடைகள், உள்ளே நீளமான நெருக்கமான தெருக்கள். இது நெசவாளர்களின் பேட்டை. அத்தையின் மாமனார் காலத்தில் இந்த வீட்டிலும் குழித்தறி இருந்திருக்கிறது. கூடத்தில் தறி இருந்த இடத்தை அத்தை காட்டினார். குழியை மூடி சிமெண்ட் பூசி, இப்போது அதன் மேல் வாஷிங் மெஷின் நிற்கிறது.

பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வந்ததே துணிக்காகத்தான். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இந்தக் கரையில் காலூன்றியபோது அவருக்குத் தேவைப்பட்டது துறைமுகமும் தறிகளும். நெய்பவர்கள் பக்கத்திலேயே இருந்தால்தான் சரக்கு நேரத்துக்குக் கப்பலேறும். அதனால் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்துவது வணிகத்தின் முதல் வேலையாக இருந்தது. புதுச்சேரியின் நீலத் துணிக்கு 'கினே' என்று பெயர். அவுரியில் தோய்த்த அந்தத் துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அதையே பணமாகக் கொடுத்தார்கள். இந்தத் தெருக்களில் பாவு நீட்டியவர்கள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்குமோ. உலக வணிகத்தின் வரலாற்றில் முத்தியால்பேட்டைக்கு ஒரு வரியாவது எழுதப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மணிக்கூண்டின் அடியில் ஒரு பலகை வைத்தால்கூடப் போதும்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அஜந்தா சிக்னல் வந்து, புல்வாருக்குள் நடந்தேன்.

தமிழர் பகுதியின் தெருக்கள் கோடு போட்டது போல நேராக இருப்பதைப் பார்த்து 'பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒழுங்கைக் காகிதத்தில் வரைந்தது டச்சுக்காரர்கள். 1693-ல் அவர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் போட்ட கட்டத் திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் பிடித்து ஊரைத் தரைமட்டமாக்கியதும், 1765-க்குப் பிறகு அதே கோடுகளின் மேல் மறுபடி கட்டினார்கள்.

கட்டங்கள் நேராக இருந்தாலும், யார் எந்தக் கட்டத்தில் இருக்கலாம் என்பது சாதியும் தொழிலும் முடிவு செய்தது. வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி, கோமுட்டித் தெரு, கொசக்கடை வீதி என்று பெயர்ப்பலகைகளே சொல்கின்றன. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் தமிழும் பிரெஞ்சும். மேல்பாதியில் இந்துக்களின் வீதிகள், அதற்குத் தெற்கே கிறிஸ்தவர்கள், இன்னும் தெற்கே முஸ்லிம்கள் என்பது பழைய அமைப்பு. இப்போது வாடகைக்கும் வியாபாரத்துக்கும் எல்லோரும் எங்கும் கலந்துவிட்டார்கள். ஆனாலும் காலை பத்து மணிக்கு வடக்கிலிருந்து தெற்காக ஒரே மூச்சில் நடந்தால், வாசல் கோலம் குறைந்து, மாடத்தில் மாதா படம் வந்து, அப்புறம் பச்சை அடித்த கதவுகள் வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வைசியாள் வீதியில் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு பக்கம் முழுக்கப் பழைய வீடுகள். வீதியைப் பார்த்துத் தாழ்வாரம், அதாவது மரத்தூண் தாங்கிய ஓட்டுக்கூரை. அதற்குள்ளே திண்ணை. உள்ளே முற்றம். வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற வீடு உயர்ந்த சுவரை எழுப்பி வீதிக்கு முதுகைக் காட்டும். இங்கே வீடு வீதிக்கு இறங்கி வந்து உட்கார இடம் தருகிறது. போகிறவர் வருகிறவர் வெயிலுக்கு ஒதுங்கட்டும், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று சொந்த நிலத்தில் ஒரு பகுதியை வீதிக்கு விட்டுக்கொடுத்த கட்டடக்கலை இது. அப்புறம் இந்த ஊருக்கே உரிய கலப்பு வீடுகள் உண்டு. கீழ்த்தளத்தில் மரத்தூணும் திண்ணையும், மேல்தளத்தில் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணும். கீழே பாட்டன் பழக்கம், மேலே பேரன் படிப்பு.

இந்த வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. ஆனால் நான்கு வீதி தள்ளி நடந்தால் நிலைமை வேறு. பழைய வீடு இருந்த மனையில் கீழே பைக் ஷெட், மேலே மூன்று மாடி என்று கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு மெட்ராஸ் தளத்தைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை, தேக்குத் தூணுக்கு ஆகும் செலவு எளியதல்ல, பாகப் பிரிவினை வேறு. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் பங்கு இருந்தால் திண்ணையை யார் காப்பாற்றுவது? கடற்கரையில் இடிந்த நகராட்சிக் கட்டடத்தை மறுபடி எழுப்ப முடிந்த ஊரில், குடியிருக்கும் தமிழ் வீடுகளுக்கும் அதே அக்கறையோடு கை கொடுக்க முடியும் என்பதுதான் என் ஆதங்கம்.

பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738 வாக்கில் கட்டி முடித்தது. 1761 அழிவில் தப்பிய மிகச் சில வீடுகளில் ஒன்று. கீழே தமிழ் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுத் தூண்கள், நான் மேலே சொன்ன கலப்பு வீட்டுக்கு மூத்த உதாரணம். துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்தபோது பிள்ளை அவருடைய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். ஊர் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார். கப்பல் வந்தது, என்ன சரக்கு, யாருக்கு யார் பரிசு கொடுத்தார் என்று எழுதும் அதே கையால் ஊருக்குள் இருந்த பிளவுகளையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் இன்று இந்தத் தெருக்களில் நடக்கும்போது அவரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோவிலையே எடுத்துக்கொள்வோம். இப்போதுள்ள கட்டடம் 1791-ல் முடிந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்த மாதா கோவிலுக்குள், தீண்டாமைக்கு ஆளான கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745-ல் அந்த மக்கள் போய் முறையிட்டார்கள், சுவர் எடுக்கப்பட்டது. உடனே மற்றவர்கள் கோபித்துக்கொண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். பிள்ளை அதையும் எழுதுகிறார். பக்கத்திலேயே இருந்த வேதபுரீசுவரர் கோவில் 1748-ல் இடிக்கப்பட்டதையும் எழுதுகிறார், வேதனையோடு. இன்று அந்த ஈஸ்வரன் கோவில் சற்றுத் தள்ளி வேறு இடத்தில் இருக்கிறது. சம்பா கோவில் வாசலில் மெழுகுவர்த்தி வாங்கியவர்களில் நெற்றியில் விபூதியோடு வந்தவர்கள் நிறைய. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, வெள்ளிக்கிழமை காலை மணக்குள விநாயகர், மதியம் மாதா என்று எனக்கு வழக்கமாகிவிட்டது என்றார். அந்த விநாயகர் கோவில் யானை லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்தபோது ஊரே வீதிக்கு வந்து அழுததை அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மறுபடி கண் கலங்கியது.

மதியத் தொழுகை நேரத்தில் முல்லா வீதிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். குத்பா பள்ளிவாசல் இருக்கும் இந்தப் பகுதியில் தெருக்கள் இன்னும் குறுகலானவை. வெள்ளிக்கிழமை என்பதால் ஓரத்தில் அத்தர் கடையும் பேரீச்சம்பழக் கடையும் போட்டிருந்தார்கள். 1740-ல் மராத்தியர் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றபோது, அவருடைய மனைவியும் மருமகன் சந்தா சாகிப்பின் குடும்பமும் அடைக்கலம் தேடிப் புதுச்சேரிக்குத்தான் வந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மராத்தியர் மிரட்டியும் ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். சந்தா சாகிப் பெயரில் ஒரு வீதி இன்றும் இருக்கிறது. தையல் கடை வாசலில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா, நான் பலகையைப் படம் எடுப்பதைப் பார்த்து, "இங்க யாரும் போட்டோ எடுக்க வர மாட்டாங்களே, வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவருடைய உம்மாவும் வாப்பாவும் இதே தெருவில் பிறந்தவர்களாம். கடைத்தெருப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போவதால் பிள்ளைகள் லாஸ்பேட்டைக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் போய்விட்டார்கள் என்றார்.

திரும்பும் வழியில் ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதி இருந்த வீடு. ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பி 1908-ல் வந்தவர், 1918 வரை இந்த ஊரில் இருந்தார். கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்கு அவர் பூணூல் போட்டு மந்திரம் சொல்லிக் கொடுத்தது இங்கேதான். தெருவுக்குத் தெரு சாதி எழுதி வைத்த ஊரில், வெளியூரிலிருந்து அடைக்கலமாக வந்து தங்கிய ஒருவர் இதைச் செய்தார் என்பதை இந்த வீதியில் நின்று யோசித்தால்தான் அந்தத் துணிச்சல் புரிகிறது.

சனி

இன்று மாமாவும் கூட வந்தார். கடலூர் சாலை, முதலியார்பேட்டை.

ரோடியர் மில் என்று ஊரே சொல்லும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) 1898-ல் தொடங்கியது. அதோடு சவானா மில், கப்ளே மில். பின்னால் இவை சுதேசி, பாரதி என்று பெயர் மாறின. இந்த மூன்று ஆலைகளின் சங்குச் சத்தத்தில்தான் முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, உப்பளம், வேல்ராம்பட்டு எல்லாம் எழுந்ததும் படுத்ததும். மாமா இவற்றில் ஒன்றில் நூற்புப் பிரிவில் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர். "மூணாவது ஷிஃப்டுக்குப் போறவன் சைக்கிள் மணி கேட்டு கோழி கூவும்" என்றார். மணியடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் ஒரே சமயம் கேட்டுக்குள் நுழைவதை அவர் கையசைத்துக் காட்டினார்.

எனக்கு இந்த ஊரின் மிக முக்கியமான தேதி 1936 ஜூலை 30. அந்த நாட்களில் ஆலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை, பெண்களும் சிறுவர்களும் உட்பட. சங்கம் வைக்க உரிமை இல்லை. வ. சுப்பையா போன்றவர்கள் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். சவானா மில்லில் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் நடந்தபோது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1937-ல், எட்டு மணி நேர வேலை சட்டமானது. சங்க உரிமையும் வந்தது. ஒவ்வொரு ஜூலை 30-ம் தேதியும் தொழிற்சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். கடற்கரையில் ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள் விழாவைப் பார்க்க வரும் பயணிகளில் ஒருவராவது பதினாறு நாள் தங்கி இதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டும் இந்த ஊரின் நாட்கள்தான்.

மில்லின் செங்கல் சுவரை ஒட்டி நடந்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது ரோடியர் மில்லின் கூரைகளும் எந்திரங்களும் கடுமையாகச் சேதமடைந்தன. அதற்குப் பிறகு அது பழையபடி எழவில்லை. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. அதன் மைதானத்தில் இப்போது பொருட்காட்சியும் கூட்டங்களும் நடக்கின்றன. மாமா வேலை செய்த ஆலையும் இன்று இல்லை. பாக்கி வர வேண்டிய பணத்துக்காக அவர் எத்தனை முறை மனு எழுதினார் என்று அத்தை பின்னால் சொன்னார். மாமா அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசியது தன்னோடு வேலை செய்தவர்களைப் பற்றி. ஒரே வரிசையில் நின்றவர்களில் ஒருவர் மீனவர் வீட்டுப் பிள்ளை, ஒருவர் உப்பளம் காலனி, ஒருவர் கிறிஸ்தவர், மாமா நெசவாளர் வீடு. "வெளிய அவன் தெருவுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்னு எங்கப்பா இருந்தாரு. உள்ள அவன் கேரியர்லதான் எனக்குச் சோறு." புல்வாருக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்த மனிதர்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது இந்த ஆலைகள். கெட்ட நோக்கத்தில் கட்டியதானாலும் அது நடந்தது. இவற்றில் ஒரு கூடத்தையாவது தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினால், இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை முழுமையாகும். சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வேலை செய்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள், பேசச் சொன்னால் பேசுவார்கள்.

முதலியார்பேட்டையில் ஒரு டீக்கடையில் மாமாவை அடையாளம் கண்டுகொண்ட இரண்டு பேர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நெல்லித்தோப்புக்கு இன்று போக முடியவில்லை.

ஞாயிறு

காலை துய்மா வீதியில் கப்ஸ் கோவில். 1855-ல் கட்டிய மாதா கோவில் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சிலும் பூசை உண்டு. நான் போனபோது பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வயதான தமிழர்கள். கோட்டு போட்ட ஒரு தாத்தா பக்கத்தில் இருந்தவரிடம் பிரெஞ்சில் தொடங்கி, நடுவில் 'அட போப்பா' என்று தமிழுக்கு வந்து, மறுபடி பிரெஞ்சுக்குப் போனார்.

இவர்கள் சொல்தா குடும்பங்கள். பிரெஞ்சுப் படையில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்களின் விதவைகள், பிள்ளைகள். இந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் வழக்கை மேலே கொண்டுபோய் வென்றார். 1881-ல் வந்த ஆணைப்படி, சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களும் கிறிஸ்தவர்களும் அதிகம். சாதி ஒட்டாத ஒரு பெயர் சட்டப்படி கிடைக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய விடுதலை! பலர் சைகோனுக்குப் போனார்கள், எழுத்தர்களாக, போலீசாக, சிப்பாய்களாக. திரும்பி வந்தபோது சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். அதனால்தான் இந்த ஊரில் சில வீடுகளில் விசேஷம் என்றால் நெம் என்ற வியட்நாமியச் சுருளைப் பொரிக்கிறார்கள்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எந்த நாட்டின் குடிமகன் என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஒரே தெருவில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று ஆனது அப்படித்தான். இன்றும் பிரான்சில் தேர்தல் என்றால் புதுச்சேரியில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓட்டு உண்டு. இவர்களை 'பிரான்ஸ் பணக்காரர்கள்' என்று பொறாமையோடு பேசுவதை இந்த மூன்று நாளில் பல முறை கேட்டுவிட்டேன். அந்தப் பென்ஷனுக்காக இந்தோசீனப் போரில் யார் கையையும் காலையும் இழந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து எதைத் தாங்க முடியாமல் கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

நடுவில் காந்தி வீதி ஞாயிறு சந்தையைக் கடந்தேன். சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி, கூட்டம். அத்தைக்கு ஒரு வடிதட்டு.

மாலை வைத்திக்குப்பம். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போகலாம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வடக்கே வரிசையாக மீனவர் ஊர்கள். ஊர் என்றால் சொந்தக் கோவில், சொந்தப் பஞ்சாயத்து, சொந்தக் கட்டுப்பாடு உள்ள ஊர். நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் சண்டை சச்சரவு முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம்தான் போகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தவிர மற்ற நாட்களில் விடிகாலையில் இங்கே ஏலம். நெத்திலி, சங்கரா, கவளை என்று கூடை கட்டிக்கொண்டு பெண்கள் பெரிய மார்க்கெட்டுக்கும் தெருத்தெருவாகவும் போய்விடுவார்கள். நேற்று மாமா சொன்ன முதலியார்பேட்டை, முந்தாநாள் பார்த்த முல்லா வீதி, வைசியாள் வீதி, ஆசிரமத்துப் பாட்டி குடியிருக்கும் தெருவின் பக்கம் என்று, யார் வீட்டுக்கும் போகிற ஒரே ஆள் மீன்காரம்மாதான், சைவ வீடுகளைத் தவிர.

கடற்கரை என்று சொன்னாலும் இங்கே காலை வைக்க மணல் குறைவு. கருங்கல்லாய்க் கொட்டிக் கிடக்கிறது. இதற்குக் காரணம் தெளிவானது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980களின் இறுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே, இந்தக் குப்பங்களுக்கு நகர்ந்தது. குப்பங்களுக்குக் கல் கொட்டினார்கள், அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் அடுத்த மீனவர் ஊர்களுக்குப் போனது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அங்கே மணல் திரும்பி வந்தது, பயணிகள் இப்போது காலை நனைத்து விளையாடுகிறார்கள். நல்ல விஷயம்தான், முப்பது ஆண்டுக்குப் பிறகு ஊருக்கு மணல் கிடைத்திருக்கிறது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அங்க வந்த மணல் இங்க வரணும்ல? எங்களுக்குக் குளிக்கறதுக்கு இல்ல, போட் ஏத்தறதுக்குக் கேக்கறோம்" என்றார். ஃபைபர் படகைக் கல் மேல் ஏற்ற முடியாது. அதனால் படகை வேறு இடத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. வலை காயப்போட, மீன் உலர்த்த, ஏலம் போட எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். 2004 சுனாமியின்போது கல்சுவருக்குப் பின்னால் இருந்த நகரம் பெரும்பாலும் தப்பியது, சுவர் இல்லாத குப்பங்கள் அடி வாங்கின. நகரம் எடுக்கும் ஒவ்வொரு முடிவின் மறுமுனையிலும் ஏதோ ஒரு குப்பம் இருக்கிறது. அடுத்த திட்டு எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இந்தப் பஞ்சாயத்தார்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மணல் எந்த மாதம் எங்கே போகும் என்பது அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும்.

"மாசி மகத்துக்கு வாங்க" என்று அந்த அண்ணன் சொன்னார். அன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார், திண்டிவனம் நல்லியகோடன் நகர் பெருமாள் எல்லாரும் இந்த வைத்திக்குப்பம் கடலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருவார்கள். ஊர்ச் சாமிகளும் வரிசையாக வந்து நிற்கும். முந்தைய நாள் இரவே வந்துவிட வேண்டுமாம், காலையில் படேல் சாலையிலிருந்தே கூட்டம் நெருக்கும். அத்தையிடம் சொல்லிவிட்டேன், இடம் உண்டு என்றார். வர நினைக்கிறவர்கள் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு டவுன் பஸ் பிடித்து மணிக்கூண்டில் இறங்கி, கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் போதும்.